டான்ஸும் தாண்டவமும் ஒரே வேரா?

ஜெர்மன் வகுப்பில் ‘டான்ட்ஸென்’ (ஆடுதல்) என்ற வினைச்சொல் வரும்போதெல்லாம் யாராவது கேட்டுவிடுவார்கள்: “சார், இது நம்ம தாண்டவத்துலேருந்து போனதுதானே?” கையோடு வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலையும் காட்டுவார்கள். ஆங்கிலத்தில் டான்ஸ், செக் மொழியில் டானெட்ஸ், ஹங்கேரியனில் டான்ட்ஸ், ஃபின்னிஷில் டான்ஸ்ஸி. இத்தனை மொழிகளில் இருந்தால் ஆதிச் சொல்லாகத்தானே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

எனக்கோ அந்தப் பட்டியலைப் பார்த்ததும் சந்தேகம்தான் வரும். சமஸ்கிருதமும் பெரும்பாலான ஐரோப்பிய மொழிகளும் அடங்கிய இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தை ஹங்கேரியனும் ஃபின்னிஷும் சேர்ந்தவையே இல்லை. அவற்றிலும் அதே சொல் இருக்கிறது என்றால், அது கைமாறி வந்த சரக்கு.

எல்லாம் கிளம்பிய இடம் பழைய பிரெஞ்சு. அங்கே 12ஆம் நூற்றாண்டில் ‘தான்ட்ஸியேர்’ என்றார்கள். நடுவில் இருக்கும் அந்த ‘ட்ஸ்’ ஒலியைக் கவனியுங்கள். ஜெர்மானியர்கள் அந்தக் காலத்திலேயே வாங்கிக்கொண்டதால் இன்றும் ‘ட்ஸ்’ என்றே உச்சரிக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் வாயில் அது வெறும் ‘ஸ்’ ஆகத் தேய்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் இந்தச் சொல் 1300 வாக்கில்தான் தென்படுகிறது, ‘ஸ்’ ஒலியோடு. செக், ஹங்கேரியன் இரண்டிலும் ‘ட்ஸ்’ இருப்பது ஜெர்மன் வழியாகப் போனதால். ஃபின்னிஷில் ‘ஸ்’ இருப்பது சுவீடிஷ் வழியாகப் போனதால். எனக்கு இதில் அலுப்பே வராது. ஒரே ஒரு மெய்யொலி, வழித்தடத்தையே காட்டிக்கொடுக்கிறது!

சரி, அதற்கு முன்னால் ஐரோப்பாவில் ஆடவில்லையா? ஆடினார்கள், பேர்தான் வேறு. லத்தீனில் ‘சல்தாரே’, குதிப்பது என்ற வினையிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் ‘கோரோஸ்’, கோரஸ் அதன் வாரிசு. பாலே, பால்ரூம் இரண்டும் ‘பல்லாரே’ என்ற பிற்கால லத்தீன் சொல்லின் பிள்ளைகள். ஜெர்மனுக்கும் ஆங்கிலத்துக்கும் உறவான, இப்போது அழிந்துபோன கோதிக் மொழியின் 4ஆம் நூற்றாண்டு பைபிளில் ஏரோதியாளின் மகள் ஆடும் இடத்தில் ‘ப்ளின்ஸ்யன்’ என்று இருக்கிறது. அதை ஸ்லாவியரிடம் வாங்கியது என்பார்கள் பெரும்பாலான அறிஞர்கள். பழைய ஆங்கிலமோ ‘சல்தாரே’ என்ற லத்தீன் சொல்லையே ‘செயல்டியன்’ என்று மாற்றி வைத்துக்கொண்டது. தாண்டவத்தோடு பொதுவான ஆதிவேர் இருந்திருந்தால் இந்தப் பழைய மொழிகளில் ஒன்றிலாவது அதன் சாயல் தெரிய வேண்டாமா?

பிரெஞ்சுச் சொல்லின் மூலம் மட்டும் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ‘இழுத்தல், நீட்டுதல்’ என்ற பொருளுள்ள ஜெர்மானிய (ஜெர்மன், ஆங்கிலம் முதலியவை அடங்கிய மொழிக்கிளை) வேர் ஒன்றைச் சிலர் காட்டுகிறார்கள். கைகோத்து வரிசையாக இழுத்துச் செல்லும் ஆட்டத்துக்கு அது பொருந்துகிறது என்பது அவர்கள் கட்சி. மற்றவர்கள் ஏற்பதில்லை.