இலவசக் கம்பஸா, காசு கட்டும் கம்பஸா? மலையகப் பெற்றோருக்கு ஒரு கணக்கு

அரச பல்கலைக்கழகத்தில் முதல் பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வி அங்கே இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்காகச் செலவே இல்லை என்று சொல்ல முடியாது. சாப்பாடு, பஸ் காசு, போட்டோகொப்பி, ஒரு லாப்டொப், விடுதி கிடைக்காத வருடத்தில் அறை வாடகை எல்லாம் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். இதில் ஒரு பகுதியைத் தாங்குவது மகாபொல புலமைப்பரிசில். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அது மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது. மகாபொல கிடைக்காத, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கான பர்சரி உதவித்தொகை 4,000இலிருந்து 6,500 ஆனது. முழுச் செலவுக்கும் இது போதாது, ஆனால் கைகொடுக்கும்.

இனி முக்கியமான விஷயம். அனுமதி இசட் புள்ளியை, அதாவது உயர்தரப் பாடங்களின் புள்ளிகளைச் சமப்படுத்திக் கணிக்கும் புள்ளியை வைத்துத்தான். ஆனால் எல்லா இடமும் அகில இலங்கைத் தரவரிசையில் நிரப்பப்படுவதில்லை. மருத்துவம், பொறியியல் போன்ற பாடநெறிகளில் 40 வீதம்தான் அப்படி. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி பிரிக்கப்படும். மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அதில் உண்டு. கண்டி, மாத்தளை, கேகாலை இல்லை. கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டித் தோட்டத்துப் பிள்ளையும் நுவரெலியா மாவட்டத்துத் தலவாக்கலைத் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே புள்ளி எடுத்தாலும் முடிவு வேறாக வருவது இதனால்தான்.

எந்த மாவட்டம் என்பதைப் பொதுவாக, பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் படித்த பாடசாலையை வைத்தே பார்க்கிறார்கள். பெயர் பெற்ற பாடசாலை என்று பிள்ளையைக் கண்டிக்கோ கொழும்புக்கோ மாற்றும் முன் இதை யோசியுங்கள். அங்கே வெட்டுப்புள்ளி, அதாவது அனுமதிக்குத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளி, கூடினால் மாற்றியதன் பலனே போய்விடும். இந்த நுவரெலியா ஒதுக்கீட்டுக்காகவே வெளியிலிருந்து வந்து பதியும் ஆட்களும் உண்டு. நம்முடையதை நாமே விட்டுக்கொடுப்பானேன்?

சரி, தனியார் பக்கம் வருவோம். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு பட்டம் 10 இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. அந்தக் கணக்கில் மாதம் 25 நாள் வேலை செய்து பெயர் விழுந்தால் 33,750. ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் இரண்டரை வருடம் உழைத்தால்தான் அந்தப் பத்து இலட்சம் சேரும். அதுவும் கட்டணம் மட்டும்தான். தங்குமிடமும் சாப்பாடும் தனி. அப்பாவின் சேமலாப நிதியையோ அம்மாவின் நகையையோ இதில் போடும் முன் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

தனியாரில் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். அரச அனுமதி இழுபட்டு ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் இருக்க நேரலாம்; தனியாரில் உடனே தொடங்கலாம். ஆங்கிலமும் தகவல் தொழில்நுட்பமும் நன்றாக வரும் பிள்ளைக்கு அது பலன் தரக்கூடும். தமிழ்மொழியில் உயர்தரம் படித்து ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளை முதல் வருடத்திலேயே தளர்ந்துவிடும் ஆபத்தும் உண்டு.

காசுக்கு வழியில்லாதவர்களுக்கு 2017இல் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன் இருக்கிறது. உயர்தரத்தில் ஒரே அமர்வில் மூன்று பாடங்களும் சித்தியடைந்திருக்க வேண்டும்; ஆங்கிலத்துக்கும் உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சைக்கும் தனி நிபந்தனை உண்டு. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் குறிப்பிட்ட பட்டங்களுக்கு மட்டுமே கிடைக்கும். வட்டியை அரசாங்கம் கட்டும், வாங்கிய கடன் தொகையை மாணவர்தான் கட்ட வேண்டும். படிப்பு முடிந்து ஒரு வருட அவகாசத்துக்குப் பிறகு தவணை தொடங்கும். வேலை கிடைத்ததா இல்லையா என்று வங்கி கேட்காது. பிணை நிற்கும் மாமாவுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

கம்பஸ் கிடைக்காவிட்டால் தனியார்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் தங்கிப் படித்து ஆசிரியராகலாம். வர்த்தமானி அறிவித்தலைக் கவனித்து விண்ணப்பிக்க வேண்டும். கண்டியிலும் பதுளையிலும் உள்ள உயர் தொழில்நுட்ப நிறுவகங்களில் முழுநேர உயர் தேசிய டிப்ளோமா இலவசம். வேலை செய்துகொண்டே படிக்க வெளிவாரிப் பட்டம் இருக்கிறது.

தனியார்தான் என்று முடிவெடுத்தாலும் அரச பல்கலைக்கழக அனுமதியை நடத்தும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கான விண்ணப்பத்தை விடாமல் போடுங்கள். பிறகு அந்த நிறுவனத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சாகும்? இந்தப் பாடநெறிக்கே அங்கீகாரம் உண்டா, நிறுவனத்துக்கு மட்டும்தானா? வெளிநாட்டுப் பட்டம் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தை இங்கே ஏற்றுக்கொள்கிறார்களா என்று ஆணைக்குழுவிடமே விசாரிக்கலாம். பதில் எழுத்தில் கைக்கு வரும்வரை முற்பணம் கட்டாதீர்கள்.