ஏரிக்கு நேர்வது செறிவூட்டலா?

பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம், திருவள்ளுவர் சிலையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் குடியிருக்கிறேன். போன மாதம் ஏரியைக் காப்போம் என்று நான்கு மொழிகளில் அச்சடித்த துண்டறிக்கை ஒன்றை வீடு வீடாகக் கொடுத்துப் போனார்கள். தமிழ்ப் பக்கத்தில் ஒரு வரி: "கழிவுநீரால் நமது ஏரி ஊட்டச்சத்துச் செறிவூட்டல் அடைந்து வருகிறது." கீழ்வீட்டு அக்கா அதைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏரிக்குச் சத்து ஏத்துறாங்களாமே தம்பி, மீனுக்கு நல்லதுதானே?"

அக்கா கேட்டதில் தப்பே இல்லை. அவருக்கு அம்மா வீடு வேலூர். அங்கே ரேஷன் கடையில் தந்தது செறிவூட்டப்பட்ட அரிசி. இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்த அரிசி. அந்தச் சொல்லை அவர் சரியாகத்தான் புரிந்துவைத்திருக்கிறார். அதே சொல்லைத் தூக்கி, மீன் செத்து மிதக்கும் ஏரிக்கு வைத்தவர்மேல்தான் எனக்குக் கோபம். இந்த மொழிபெயர்ப்பை நான் பார்ப்பது இது முதல் தடவையும் இல்லை. கருத்தரங்க அழைப்பிதழ், பள்ளிக் கண்காட்சி அட்டை என்று எங்கும் இதே செறிவூட்டல்தான்.

மூலச்சொல் யூட்ரோஃபிகேஷன், அதாவது நீரில் சத்து மிதமிஞ்சிச் சேர்ந்து பாசி பெருகுவது. கிரேக்கத்தில் 'யூ' என்றால் நல்ல, 'த்ரோஃபே' என்றால் ஊட்டம். 1907-ல் வெபர் என்ற ஜெர்மானியர் சதுப்பு நிலங்களை வகைப்படுத்த இந்த வேரிலிருந்து சொல் எடுத்தார். சில ஆண்டுகளில் சுவீடனின் நௌமான் அதை ஏரிகளுக்குக் கொண்டுவந்தார். அப்போது அது ஏரிகளைத் தரம் பிரிக்கும் சொல், அவ்வளவுதான். சாக்கடையும் வயல் உரமும் ஏரிகளில் கலக்கக் கலக்க, அதுவே ஒரு நோயின் பெயராகிவிட்டது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் நோயைப் பார்க்காமல், அந்த 'யூ'வை மட்டும் பார்த்துத் தமிழாக்குகிறார்கள். சிலர் 'நல்லூட்டம்' என்றே எழுதுகிறார்கள்.

அங்கே நடப்பதில் நல்லது என்ன இருக்கிறது? கழிவுநீரோடு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வருகின்றன. பாசிக்கு அது விருந்து. தண்ணீர் பச்சைக் குழம்பாகிறது. பாசி மடிந்து அடியில் படியும்போது அதை அழுகவைக்கும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடுகின்றன. இரவில் உயிருள்ள பாசியும் ஆக்சிஜனை இழுக்கிறது. அதனால் விடியும் நேரம்தான் மீனுக்குக் கண்டம். ஐந்தரை மணிக்குக் கரையோரம் போய் நின்றால் தெரியும்: ஜிலேபிக் கெண்டைகள் மேலே வந்து, வாயை மட்டும் தண்ணீர் மட்டத்தில் வைத்துத் திறந்து திறந்து மூடும். தூரத்திலிருந்து பார்த்தால் தூறல் விழுவதுபோல நீர்ப்பரப்பு முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும். 2016 மார்ச்சில் இதே ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. இதற்கா செறிவூட்டல்?

செறிவூட்டலுக்கு ஆதரவாக ஒரு நண்பர் சொன்ன வாதம், "நீரில் சத்தின் செறிவு கூடுகிறது, எனவே சரி" என்பது. செறிவு கூடுவது உண்மைதான். ஆனால் செறிவூட்டல் என்பது தமிழில் ஏற்கெனவே வேலைக்குப் போய்விட்ட சொல். அரிசியைச் செறிவூட்டுகிறோம், யுரேனியத்தைச் செறிவூட்டுகிறார்கள். இரண்டிலும் ஒருவர் வேண்டுமென்றே, ஒரு பயனுக்காக, பொருளின் தரத்தைக் கூட்டுகிறார். ஏரிக்கு நடப்பதில் பயனும் இல்லை, தரமும் கூடவில்லை. ஒரு சொல்லுக்கு அகராதிப் பொருள் மட்டும் பொருந்தினால் போதாது. படிப்பவர் மனதில் அது எதை எழுப்புகிறது என்பதும் பொருந்த வேண்டும்.

'மிகையூட்டம்' என்ற சொல் நம்மிடம் இருக்கிறதே! பாடநூல்களில்கூட மிகை என்ற அடையோடுதான் இதைப் படித்திருக்கிறோம். மிகை என்றால் அளவு கடந்தது. அதற்குக் குற்றம் என்ற பொருளும் உண்டு. நன்னூல் பத்துக் குற்றங்களில் ஒன்றாக மிகைபடக் கூறலைச் சொல்கிறது. 'ஊட்டு' என்பதோ உண் என்ற வினையின் பிறவினை. தானாக உண்பது உண்ணல், இன்னொருவர் கொடுப்பது ஊட்டல். ஏரி தானாக இதை உண்ணவில்லை, நாம் ஊட்டினோம். மூலச்சொல்லில்கூட இல்லாத தெளிவு இது. 1973-ல் கனடாவில் ஓர் ஏரியைத் திரைபோட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் நைட்ரஜனும் கார்பனும், மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் போட்டார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சையாகிப் போனது. அந்தச் சோதனையை ஊட்டல் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

ஒரு நியாயமான கேள்வி உண்டு. இயற்கையாகவே சத்து நிறைந்த ஏரிக்கும் யூட்ரோஃபிக் என்றுதானே பெயர், அதையும் மிகை என்பீர்களா? மாட்டேன். அந்த நிலைக்கு நிறையூட்டம் போதும். குறையூட்டம், இடையூட்டம், நிறையூட்டம் என்று ஏரிகளின் தரத்துக்கு வரிசை கிடைக்கிறது. கழிவால் கேடு வரும்போது மிகையூட்டம். இதில் எதையும் நான் புதிதாக இறக்குமதி செய்யவில்லை.

இதே துண்டறிக்கையில் 'பாசி மலர்ச்சி' என்றும் இருக்கிறது. பாசி எங்கே மலர்ந்தது? ஆங்கிலத்தில் பூப்பதாகச் சொன்னால் தமிழிலும் பூக்க வேண்டுமா? பாசிப் பெருக்கம் என்றால் எந்தக் கிராமத்திலும் புரியும். குளத்தில் பாசி பிடித்திருக்கிறது என்று பேசி வளர்ந்தவர்கள்தானே நாம்? பெள்ளந்தூர் ஏரியில் பொங்கும் நுரையையும் செறிவூட்டல் கணக்கிலேயே சேர்த்திருக்கிறார்கள். சோப்புத்தூளில் நுரையைக் கிளப்பும் பொருள் வேறு, பாசிக்குத் தீனியாகும் பாஸ்பேட் வேறு.

துண்டறிக்கை போட்டவர்களைத் தேடிப் போய், அந்த வரியை இப்படி மாற்றி எழுதிக் கொடுத்தேன்: "நம் வீட்டுக் கழிவுநீர் ஏரிக்கு மிகையூட்டம் ஆகிறது. பாசி பெருகி, நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் சாகிறது." முதலில் அக்காவிடம்தான் படித்துக் காட்டினேன். ஆக்சிஜன் என்பதைக் காற்று என்று போடச் சொன்னார். அதை மட்டும் நான் மாற்றவில்லை. மறுபதிப்பு தீபாவளிக்கு முன்னால் வருமாம்.