புரொடியூசர்: தயாரிப்பாளரா, ஆக்குநரா?

2012-இல் வெளிவந்த பால் மெக்கார்ட்னியின் 'கிஸ்ஸஸ் ஆன் த பாட்டம்' ஆல்பத்தின் உறையில் ட்ரம்ஸ் வாசித்தவர்கள் வரிசையில் கரீம் ரிகின்ஸ் என்ற பெயர் இருக்கும். புரொடியூசர் என்ற இடத்தில் டாமி லிபூமா என்று இருக்கும். 2016-இல் ராப் கலைஞர் காமன் வெளியிட்ட 'பிளாக் அமெரிக்கா அகெய்ன்' ஆல்பத்தை எடுத்தால், பெரும்பாலான பாடல்களுக்குப் புரொடியூசர் அதே கரீம் ரிகின்ஸ். முதல் ஆல்பத்தில் லிபூமா செய்ததும் இரண்டாவதில் ரிகின்ஸ் செய்ததும் ஒரே வேலை அல்ல. ஒரே சொல்லால் அழைக்கப்படுகின்றன, அவ்வளவுதான். இரண்டையும் தமிழில் 'தயாரிப்பாளர்' என்று எழுதிவிட்டால் வாசகருக்கு மூன்றாவதாக ஒன்று தோன்றும்: பணம் போட்டவர். சினிமா அந்தச் சொல்லுக்கு நம் காதில் அப்படி ஒரு பொருளைப் பதித்து வைத்திருக்கிறது. ஜாஸ், ஹிப்-ஹாப் பற்றித் தமிழில் எழுதுவோர் முதலில் இடறுவது இங்கேதான்.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். 'ப்ரோ' என்றால் முன்னே, 'டூசெரே' என்றால் நடத்து, இட்டுச் செல். முன்னே கொண்டுவந்து நிறுத்துபவர் புரொடியூசர். 'கண்டக்டர்' என்ற சொல்லும் இதே 'டூசெரே'யில் பிறந்ததுதான். அதைத் தமிழ் 'நடத்துநர்' என்று வேரோடு பிடித்துக்கொண்டது. புரொடியூசருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் ஒரு நிலையில் நின்றதில்லை. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் நாடக மேடையில் புரொடியூசர் என்றால் இன்று நாம் இயக்குநர் என்கிறோமே, அவர்.

'தயாரிப்பாளர்' என்பதில் உள்ள 'தயார்', அரபு, பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்தது. பிறமொழி வேர் என்பதற்காக அதைத் தள்ள வேண்டியதில்லை; தமிழில் நன்றாக வேர்விட்ட சொல். சிக்கல் அதன் இன்றைய பொருளில் இருக்கிறது.

ஜாஸ் உலகத்தின் புரொடியூசர் ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர். யார் யாரை வாசிக்க அழைப்பது, எந்தப் பாட்டை எடுப்பது, நான்கு முறை வாசித்ததில் எந்தப் பதிவை வைத்துக்கொள்வது, எப்போது போதும் என்று நிறுத்துவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. ஒரு வாத்தியத்தையும் தொடாமலே இவ்வளவும் செய்யலாம். ப்ளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்தை 1939-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஆல்ஃப்ரெட் லயன், பதிவுக்கு முந்தைய ஒத்திகைக்கும் கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்தவர். அந்தத் தட்டுகளில் வாசிப்பு இறுக்கமாக ஒலிப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். மைக்கை வைத்து ஒலியைப் பிடித்தவர் ரூடி வான் கெல்டர், அவர் பொறியாளர். லயன் பணமும் போட்டார், பதிவையும் நடத்தினார். அவரைத் 'தயாரிப்பாளர்' என்றால் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் டியோ மசேரோ என்ற ஜாஸ் புரொடியூசரை அப்படிச் சொல்ல முடியாது. அவர் பொறுப்பில் வந்த, ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'இன் எ சைலன்ட் வே' (1969) ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தைக் கேளுங்கள். தொடக்கத்தில் வரும் மெல்லிய பகுதி முடிவில் அப்படியே திரும்ப வரும். கலைஞர்கள் அதை இரண்டு முறை வாசிக்கவில்லை. மசேரோ ஒலிநாடாவைப் பிரதி எடுத்து, வெட்டி, கடைசியில் ஒட்டினார். வாசித்ததை வெட்டி ஒட்டிப் புதிய வடிவம் கொடுப்பது ஹிப்-ஹாப்பின் தனிச்சொத்து என்று பலர் நினைக்கிறார்கள். ஜாஸ் பதிவுக் கூடத்தில் அது கத்தரியும் ஒட்டுநாடாவுமாக முன்பே நடந்திருக்கிறது.

ஹிப்-ஹாப்பில் புரொடியூசர் என்பவர் பீட்டை உருவாக்குபவர். 'பீட்' என்ற சொல்லும் இங்கே ஏமாற்றும். தாளம் என்று பெயர்த்துவிடுவார்கள். ராப் குரலை நீக்கிவிட்டால் மிச்சம் என்னென்ன கேட்கிறதோ அத்தனையும் சேர்ந்ததுதான் பீட்: ட்ரம்ஸ், பேஸ், பழைய தட்டிலிருந்து எடுத்த பியானோத் துண்டு, பின்னால் மெதுவாக ஒலிக்கும் ஏதோ ஒரு கோரஸ், எல்லாம்.

ஒலித்துண்டுகளைப் பதிந்து, வெட்டி, வரிசைப்படுத்தும் எம்பிசி 3000 போன்ற மின்னணுக் கருவியில் ஒரு பீட் உருவாகும் விதத்தைப் பார்த்தால் இந்த வேலையின் அளவு புரியும். ஒரு பழைய தட்டில் நான்கு பார் (இங்கே ஒரு பாருக்கு நான்கு அடி) அளவுக்குப் பிடித்த இடம் கிடைக்கிறது. அதைக் கருவிக்குள் பதிந்து, எட்டு அல்லது பதினாறு துண்டுகளாக வெட்டி, விரலால் தட்டி வாசிக்கும் பதினாறு பட்டைகளில் ஒவ்வொன்றாக வைக்கிறார்கள். வெட்டும் இடம் ஒலி எழும் நொடிக்குச் சரியாக முன்னால் இருக்க வேண்டும். சற்றுத் தள்ளி வெட்டினால் அடியின் முனை மழுங்கும்; முன்கூட்டியே வெட்டினால் பட்டையைத் தட்டிய பிறகு ஒலி தாமதமாக வரும், வாசிப்பவருக்குத் தன் கைமேலேயே சந்தேகம் வரும்.

அடுத்தது வேகம். தட்டில் இருப்பது நிமிடத்துக்கு 84 அடி. நமக்கு வேண்டியது 90 என்று வைத்துக்கொள்வோம். பழைய கருவிகளில் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் ஏறும். 84-ஐ 89 ஆக்கினால் கிட்டத்தட்டத் துல்லியமாக அரைச்சுரம் ஏறுகிறது. 90 ஆக்கினால் அரைச்சுரத்தைத் தாண்டி இன்னும் 19 சென்ட் போகிறது, அதாவது அரைச்சுரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. துண்டை மட்டும் கேட்டால் குறை தெரியாது. அதன்மேல் பேஸ் வாசித்தவுடன் எங்கோ கசக்கும். புதியவர்கள் பேஸ் சுரத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். சுரத்தில் தவறே இல்லை, இரண்டு சுருதிகளுக்கு நடுவில் நிற்கிறார்கள். வேகத்தை 89-க்கு இறக்க வேண்டும், இல்லையேல் பேஸின் சுருதியை 19 சென்ட் உயர்த்த வேண்டும்.

பிறகு ட்ரம்ஸ். எம்பிசி 3000 ஒரு அடியை 96 நுண்பகுதிகளாகப் பிரிக்கிறது. 90 வேகத்தில் ஒரு அடிக்கு 667 மில்லிவினாடி. ஒரு நுண்பகுதி ஏழு மில்லிவினாடிக்குச் சற்றுக் குறைவு. அடிகளைச் சற்றுப் பிந்தச் செய்யும் அமைப்பு 'ஸ்விங்'. அதன் அளவு 50 விழுக்காடு என்றால், ஒரு அடியை நான்காகப் பிரித்த கால் அடிகள் சம இடைவெளியில் விழும். 54 விழுக்காட்டுக்கு நகர்த்தினால் ஒவ்வொரு இரண்டாவது கால் அடியும் இரண்டு நுண்பகுதி, அதாவது சுமார் 14 மில்லிவினாடி பிந்தும். காதுக்குத் தாமதம் என்று தெரியாது, தலை மட்டும் தானாக ஆடத் தொடங்கும். 66-இல் அது முழு ஷஃபிள் ஆகி, திஸ்ர நடையின் சாயல் வந்துவிடும். டெட்ராய்ட்டின் ஹிப்-ஹாப் புரொடியூசர் ஜே டில்லா எல்லா அடிக்கும் ஒரே ஸ்விங் போடாமல், ஒரு வாத்தியத்தை முன்னேயும் இன்னொன்றைப் பின்னேயும் தனித்தனி அளவில் நகர்த்தி வைத்தார். அவருடைய எம்பிசி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தத் தள்ளாட்டத்தைக் கைவாசிப்பில் கொண்டுவர இன்றைய ஜாஸ் ட்ரம்மர்கள் உட்கார்ந்து பயிற்சி செய்கிறார்கள்.

கருவியின் போதாமையும் இசையாகியிருக்கிறது. 1987-இல் வந்த எஸ்பி-1200 என்ற இதே வகைக் கருவியில் மொத்த நினைவகமே சுமார் பத்து வினாடி. 33⅓ சுற்றுத் தட்டை 45-இல் ஓடவிட்டுப் பதிந்தால் 2.7 வினாடித் துண்டு 2 வினாடிக்குள் அடங்கும். பிறகு கருவிக்குள் வேகத்தைக் குறைத்துப் பழைய சுருதிக்கு இறக்குவார்கள். அப்போது மேல் அதிர்வெண்கள் தேய்ந்து ஒரு சொரசொரப்பு ஏறும். 12 பிட் கருவியின் அந்தச் சொரசொரப்பை இன்று மென்பொருளில் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

கரீம் ரிகின்ஸை எடுத்துக்காட்டாகக் கொண்டதற்குக் காரணம், இந்த இரண்டு உலகமும் அவரிடம் ஒரே ஆளுக்குள் இருப்பதுதான். 1975-இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். தந்தை இமானுவேல் ரிகின்ஸ் கிட்டார் கலைஞர் கிராண்ட் கிரீனுடன் ஆர்கன் வாசித்தவர். மகன் 1990-களின் நடுவில் நியூயார்க் வந்து பாடகி பெட்டி கார்ட்டரின் இளைஞர் குழுவில் சேர்ந்தார். அதன்பின் பியானோ கலைஞர் மல்கிரூ மில்லர், ட்ரம்பெட் கலைஞர் ராய் ஹார்க்ரோவ், பேஸ் கலைஞர் ரே பிரவுனின் மூவர் குழு, பாடகி டயானா கிராலின் குழு என்று வாசித்தார். இந்தத் தட்டுகளில் அவர் ட்ரம்மர். கூடவே 1990-களிலிருந்தே காமனின் ஆல்பங்களுக்குப் பீட் செய்தார். அங்கே அவர் புரொடியூசர்.

2006 பிப்ரவரியில் ஜே டில்லா இறந்தபோது 'த ஷைனிங்' ஆல்பம் முடியாமல் கிடந்தது. அதை முடித்து அந்த ஆகஸ்டில் வெளிவரச் செய்தவர் ரிகின்ஸ். இன்னொருவர் கைவாகு தெரிந்தவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை அது. ஒரு நுண்பகுதி இப்படி அப்படிப் போனாலும் அது டில்லாவின் பீட்டாக இருந்திருக்காது. 2012-இல் 'அலோன் டுகெதர்', 2017-இல் 'ஹெட்நாட் சூட்' என்று தன் பெயரிலேயே குறும்பீட்கள் நிறைந்த ஆல்பங்களை வெளியிட்டார். காமன், பியானோ கலைஞர் ராபர்ட் கிளாஸ்பர் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய 'லெட்டர் டு த ஃப்ரீ' 2017-இல் எம்மி விருது பெற்றது.

ட்ரம்மராகவும் இருப்பதில் புரொடியூசருக்கு ஒரு நடைமுறை லாபம் உண்டு. பழைய தட்டிலிருந்து ஒரு ட்ரம்ஸ் துண்டை எடுத்தால் இரண்டு அனுமதி வேண்டும்: பதிவுக்கு உரியவரிடம் ஒன்று, பாட்டை எழுதியவரிடம் இன்னொன்று. ராப் கலைஞர் பிஸ் மார்க்கியின் ஆல்பம் தொடர்பாக 1991-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு அனுமதி இல்லாத துண்டோடு ஆல்பம் வெளியிட நிறுவனங்கள் அஞ்சுகின்றன. தானே உட்கார்ந்து ஒரு புதிய நடையை வாசித்துப் பதிந்து, அதையே வெட்டிப் பயன்படுத்துபவர் யாரிடமும் போய் நிற்க வேண்டாம். பழைய மெட்டைத் திரும்ப வாசித்தாலும் பதிவுரிமை கேட்க வேண்டியதில்லை, எழுதியவரின் அனுமதி போதும்.

பங்கும் இங்கே வேறு. ஹிப்-ஹாப்பில் பாட்டின் எழுத்துரிமையில் பாதி பீட் செய்தவருக்கு, பாதி வரி எழுதியவருக்கு என்பது பரவலான வழக்கம். பழைய துண்டு இருந்தால் அதன் உரிமையாளர் பங்கு முதலில் கழியும். அவர் 40 விழுக்காடு கேட்டால் மிச்சம் 60-இல் ஆளுக்கு 30. ஜாஸ் தட்டின் புரொடியூசருக்கு, மெட்டு எழுதியிருந்தால் ஒழிய, இப்படி எழுத்துரிமையில் பங்கு கிடையாது. ஹிப்-ஹாப் புரொடியூசர் ஒரு படைப்பாளர் என்பதற்கு உரிமைப் பங்கே தரும் சான்று இது. தமிழ்ச் சொல்லைத் தேர்வதற்கும் இதுவே என் அளவுகோல்.

'இசையமைப்பாளர்' என்று போடலாமே என்பார்கள். தமிழ்த் திரையிசையில் இசையமைப்பாளர் மெட்டும் போட்டு, வாத்தியக் கோர்வையும் செய்து, பாடகருக்குச் சொல்லியும் கொடுப்பார். ராப் பாட்டில் குரல் எப்படி ஏறி இறங்க வேண்டும் என்பது பெரும்பாலும் ராப் கலைஞரின் முடிவு. புரொடியூசர் 16 பார் இடம் விட்டுக் கொடுக்கிறார். 90 வேகத்தில் அது 43 வினாடி. அந்த இடத்தில் என்ன செய்வது என்பது மற்றவர் கையில். கோடம்பாக்கத்திலும் இப்போது இசையமைப்பாளர் வேறு, அவர் மெட்டுக்கு ஒலிகளைக் கோத்துத் தரும் 'மியூசிக் புரொடியூசர்' வேறு என்று பிரித்துத்தான் பேசுகிறார்கள். இருவருக்கும் ஒரே சொல் போட்டால் அந்தப் பிரிவு அழிந்துவிடும். 'உற்பத்தியாளர்' பஞ்சாலைக்கும் பால் பண்ணைக்கும் உரியது.

எனவே ஹிப்-ஹாப் புரொடியூசருக்கு 'இசையாக்குநர்' என்பதே பொருந்தும். 'ஆக்கு' என்பது இருப்பதைக் கொண்டு புதிதாய் ஒன்றைச் செய்வது. அரிசியைச் சோறாக்குவது போல. படைப்புக்கு உரியவரைக் குறிக்கவும் தமிழ் இதே வேரைத்தான் எடுத்தது. பாயிரத்தில் சொல்ல வேண்டியவற்றை நன்னூல் 'ஆக்கியோன் பெயரே வழியே' என்றுதான் தொடங்குகிறது. செய்தவர் பெயருக்கு அடுத்தபடியாக அது எதன் வழி வந்தது என்று சொல்லச் சொல்கிறது. பழைய துண்டை எடுத்துச் செய்த பீட்டின் உறையிலும் இந்த இரண்டும் பெரும்பாலும் இதே வரிசையில்தான் அச்சாகின்றன. முதல்நூல், வழிநூல் என்ற பிரிவு தெரிந்த மொழிக்கு இந்தக் கலை அந்நியமானதல்ல.

மசேரோ, லிபூமா போன்றோருக்குப் 'பதிவு நெறியாளர்' பொருந்தும். நடத்து என்ற லத்தீன் வேரும் அதில் நிற்கிறது. 'எக்ஸிகியூட்டிவ் புரொடியூசர்' என்று ஆல்பத்தில் வந்தால் பெரும்பாலும் பணத்துக்கோ மொத்தத் திட்டத்துக்கோ பொறுப்பானவர். தமிழ் வாசகர் அறிந்த தயாரிப்பாளருக்கு அருகில் வருபவர் இவர். 'நிர்வாகத் தயாரிப்பாளர்' என்று பெயர்த்தால், சினிமாவில் படப்பிடிப்பு வேலைகளை மேற்பார்க்கும் வேறொருவரை நினைத்துவிடுவார்கள்.

ரிகின்ஸைப் பற்றி ஒரு வரி எழுதுவதானால், 'ஜாஸ் ட்ரம்மர், ஹிப்-ஹாப் இசையாக்குநர்' என்று எழுதலாம். எழுதும்போது 'ஆக்குனர்' வேண்டாம். இயக்குநர், ஓட்டுநர் போல 'நர்' விகுதி சேர்ந்து, ஆக்கு + நர், ஆக்குநர்.