200 எம்பி பிளான், 94-ல் நிற்கும் வேகம்

மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்தில் ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது: "200 எம்பி போட்டும் 94-லயே நிக்குதே." உடனே கம்பெனிக்காரரைத் திட்டுகிறோம். ஆனால் அந்த 94 நல்ல துப்பு. லைனில் கோளாறு என்றால் வேகம் ஏறி இறங்கும். எப்போது பார்த்தாலும் 93, 94, 95 என்றே காட்டினால், வீட்டுக்குள் ஏதோ ஒரு இணைப்பு 100 எம்பிபிஎஸ் அளவில்தான் ஓடுகிறது.

முதலில் சந்தேகிக்க வேண்டியது மோடத்தையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் லேன் கேபிளை. அதற்குள் எட்டுக் கம்பிகள், நாலு ஜோடி. 100 எம்பிபிஎஸ்-க்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் போதும். ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்-க்கு, எட்டும் வேண்டும். நீல ஜோடியிலோ பிரவுன் ஜோடியிலோ ஒரு கம்பி அறுந்தால் நெட் நிற்காது, பெரும்பாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். அதனால்தான் கேபிள்மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. விலை குறைவென்று வாங்கும் செம்புப் பூச்சு அலுமினியக் கேபிள், முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்திய (கிரிம்ப் செய்த) இடத்தில் எளிதில் முறியும். முழுச் செம்பில் செய்த கேட்-5இ ரகக் கேபிள் வாங்குங்கள். 100 மீட்டர் வரை ஜிகாபிட் தாங்கும்.

சோதிப்பது எளிது. லேப்டாப்பை மோடத்தில் கேபிளால் இணைத்து, விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தில் 'லிங்க் ஸ்பீட்' பாருங்கள். 1000/1000 இருக்க வேண்டும். 100/100 என்றால் கேபிளை மாற்றுங்கள்; அப்படியும் மாறாவிட்டால் போர்ட்டை மாற்றுங்கள். சில மோடங்களில் ஒரே ஒரு போர்ட்தான் ஜிகாபிட். பழைய ரவுட்டர் பலவற்றில் அதுவும் கிடையாது.

வைஃபையில் சோதிப்பதானால் ரவுட்டர் இருக்கும் அறையிலேயே நின்று, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சோதியுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டும், வேகம் தராது. மாடிக்கு, வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வேண்டாம். ஒரே ரேடியோவில் வாங்கிக் கொடுக்கும் ரகத்தில் வேகம் பாதியாகும். கேபிள் இழுத்து, அங்கிருந்தே வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட் வைப்பதே மேல்.

ஃபைபரில் நிஜமாகவே கோளாறு என்றால் பிரவுசரில் திறக்கும் மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'ஆர்எக்ஸ் பவர்' (மோடத்துக்கு வந்து சேரும் ஒளியின் அளவு) சொல்லிவிடும். மைனஸ் 20 டிபிஎம் சுற்றி இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐ நெருங்கினால் ஆபத்து. 3 டிபி குறைந்தாலே ஒளி பாதியாகிவிடும். தென்னை மட்டை விழுந்து இழுபட்ட கேபிளும், ஜன்னல் ஓரம் மடக்கி ஆணியடித்த கேபிளும்தான் வழக்கமான காரணம். ஃபைபர் கேபிளின் பச்சை கனெக்டரின் முனை 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டது. நீல கனெக்டரோடு சேர்த்தால் சரியாகப் பொருந்தாது. முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள்.

ஐப்பசி இடிக்கு ஒரு வார்த்தை. கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது என்று நிம்மதியாக இருக்க முடியாது. அடாப்டரும் மாடிக்குப் போகும் லேன் கேபிளும் கடத்தும். சுவிட்சை அணைத்தால் போதாது, இரண்டையும் கழற்றுங்கள். இடிமழைக்குப் பிறகு திடீரென்று 94 தொடங்கினால், கேபிளைவிட போர்ட்டின் மேல்தான் சந்தேகம் போக வேண்டும்.