ஒற்றைத் தண்டவாளமும் ஒரு சாவியும்

தஞ்சோங் பகாரிலிருந்து ஒரு ரயில் வடக்கே கிளம்புகிறது. அதே நேரம் ஜொகூர் பாரு பக்கமிருந்து இன்னொன்று தெற்கே வருகிறது. இரண்டுக்கும் இருப்பது ஒரே தடம். இப்படித்தான் 2011 ஜூன் 30 இரவு வரை மலாயன் ரயில்கள் சிங்கப்பூருக்குள் ஓடின. நேருக்கு நேர் மோதாமல் அவற்றைக் காத்தது, ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் இருந்த ஓர் இரும்புப் பெட்டியும் அதிலிருந்து எடுக்கும் ஒரு சாவியும். அந்த ஏற்பாட்டை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால் பாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1903 ஜனவரி 1 அன்று டேங்க் ரோட்டுக்கும் புக்கிட் தீமாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. தைப்பூசத்துக்குக் காவடிகள் போய்ச் சேரும் அதே டேங்க் ரோடுதான். சில மாதங்களில் பாதை உட்லண்ட்ஸ் வரை நீண்டது. அப்புறம் கடல். பயணிகள் இறங்கிப் படகில் ஜொகூர் பாருவுக்குப் போனார்கள். சரக்குப் பெட்டிகளைத் தெப்பம் போன்ற படகுகளில் ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். ரப்பரும் ஈயமும் பெருகப் பெருகப் படகுகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. அதனால் வந்ததுதான் 1,056 மீட்டர் நீளக் கடற்பாலம். 1923 செப்டம்பரில் அதன்மேல் சரக்கு ரயில் போனது, அக்டோபர் 1 முதல் பயணிகள் ரயில். சாலை அதற்குப் பிறகுதான் முழுமையாகத் திறந்தது. இன்று லாரியும் பஸ்ஸும் நிறைந்து நிற்கும் கடற்பாலத்தை முதலில் கடந்தது ரயில் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

நகருக்குள் பழைய பாதை தெருக்களைத் தரைமட்டத்திலேயே வெட்டிக்கொண்டு போனது. மோட்டார் வண்டிகள் கூடியதும் அது பெருந்தொல்லையாகிவிட்டது. புக்கிட் தீமாவிலிருந்து தெற்கே புதுப் பாதை போட்டு, சாலைகளுக்கு மேலே பாலங்கள் கட்டி, 1932 மே 2 அன்று தஞ்சோங் பகார் நிலையத்தைத் திறந்தார்கள். அதே ஆண்டு குவீன்ஸ்வே அருகே தண்டவாளத்தை ஒட்டி இந்திய ரயில் தொழிலாளர்கள் முனியாண்டிக்குச் சிறு கோயில் ஒன்றை எழுப்பினார்கள். இன்று காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில் அந்தக் கோயில்தான். இந்தத் தடத்தைத் தங்கள் கையால் பராமரித்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் கும்பிட்ட சாமியின் கோயில் மட்டும் இடம் மாறி நிலைத்திருக்கிறது.

சரி, பாதையின் அகலத்துக்கு வருவோம். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 1,000 மில்லிமீட்டர். நம் எம்ஆர்டி தடங்களில் அது 1,435. தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரைக்கு மீட்டர் கேஜ் மின்ரயிலில் போன பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த அளவு பரிச்சயமானது. மலாயாவில் 1885ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போட்ட முதல் பாதையும் மீட்டர் கேஜ்தான். மற்றப் பாதைகளும் அதையே பின்பற்றின. அகலம் குறைந்தால் வெட்ட வேண்டிய மண் குறையும், கட்டையும் சரளைக்கல்லும் குறையும், பாலம் சிறியதாகும். செலவு மிச்சம் என்பது எல்லோரும் சொல்லும் காரணம். எனக்கு அதைவிடப் பிடித்த காரணம் வளைவில் இருக்கிறது.

ரயில் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கமாகப் பொருத்தப்பட்டவை. கார் சக்கரம்போல ஒன்று வேகமாகவும் இன்னொன்று மெதுவாகவும் சுழல முடியாது. ஆனால் வளைவில் வெளித் தண்டவாளம் நீளம், உள் தண்டவாளம் குட்டை. ரயில் 90 பாகை திரும்பினால், மீட்டர் கேஜில் வெளிச் சக்கரம் சுமார் 1.57 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். எம்ஆர்டி அகலத்தில் சுமார் 2.25 மீட்டர். வளைவு பெரிதோ சிறிதோ, இந்தக் கணக்கு மாறாது. ஒரே வேகத்தில் சுழலும் இரண்டு சக்கரங்களால் வெவ்வேறு தூரம் எப்படி ஓட முடியும்?

சக்கரத்தின் ஓரம் தட்டையாக இல்லை என்பதில் விடை இருக்கிறது. உள்பக்கம் சற்றுப் பெருத்தும் வெளிப்பக்கம் சற்றுச் சிறுத்தும் கூம்புபோலக் கடைந்திருப்பார்கள். இரண்டு காகிதக் கோப்பைகளை வாயோடு வாய் ஒட்டி, இரண்டு நீளக் குச்சிகள்மேல் உருட்டிப் பாருங்கள். கோணலாக வைத்தாலும் தானே நடுவுக்கு வந்துவிடும். ரயிலும் அப்படித்தான். வளைவில் அச்சு வெளிப்பக்கம் சில மில்லிமீட்டர் நகர்கிறது. வெளிச் சக்கரம் தன் பெரிய சுற்றளவில் உருள்கிறது, உள் சக்கரம் சிறிய சுற்றளவில். தூர வித்தியாசம் அதிலேயே சரிக்கட்டப்படுகிறது. அகலம் குறைந்த பாதையில் சரிக்கட்ட வேண்டிய வித்தியாசமும் குறைவு. அதனால் இறுக்கமான வளைவில் சக்கரம் தண்டவாளத்தை உரசுவதும் குறையும். குன்றைச் சுற்றியும் தோட்டத்தை ஒதுக்கியும் போக வேண்டிய நாட்டில் இது பெரிய வசதி. குறுகிய பாதை என்றால் மந்தமான ரயில் என்று நினைத்துவிட வேண்டாம். மலேசியாவின் இடிஎஸ் மின்ரயில்கள் இதே மீட்டர் கேஜில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன.

ஏற்றம் மட்டும் எந்த ரயிலுக்கும் ஆகாது. இரும்புமேல் இரும்பு உருள்வதால் உராய்வு குறைவு. அதனால்தான் ஓர் எஞ்சினால் அத்தனை பெட்டிகளை இழுக்க முடிகிறது. அதனால்தான் மழையில் சறுக்கவும் செய்கிறது. தண்டவாளம் எடுக்கப்பட்ட பிறகு 24 கிலோமீட்டர் ரயில் காரிடாராக மாறிய பாதையில் நடப்பவர்கள் இதைக் காலாலேயே உணரலாம். பக்கத்தில் புக்கிட் தீமா குன்று உயர்ந்து நிற்க, காலடியில் மேடு இருப்பதே தெரியாது. மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் அப்படிச் சமன்செய்தார்கள்.

இனி அந்தச் சாவி.

ஒற்றைத் தடத்தைப் பகுதி பகுதியாகப் பிரிப்பார்கள். ஒரு பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரே ரயில்தான் இருக்கலாம். பகுதியின் இரு முனையிலும் உள்ள ஸ்டேஷன்களில் ஆளுக்கொரு பெட்டி, இரண்டையும் இணைக்கும் மின்கம்பி. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரே மாதிரியான சாவிகள் பல அடுக்கியிருக்கும். இவற்றுக்கு டோக்கன் என்று பெயர். இந்த முனையில் உள்ளவர் மணி அடித்து, ரயில் அனுப்பலாமா என்று கேட்பார். தடம் காலியாக இருந்தால் அந்த முனையில் உள்ளவர் பதில் மணி அடித்துப் பொத்தானை அழுத்திப் பிடிப்பார். கம்பி வழியே மின்சாரம் வரும். இங்கே ஒரு மின்காந்தம் பூட்டை விடுவிக்கும். ஒரு சாவி வெளியே வரும்.

நுட்பம் இதற்கு அடுத்த நொடியில் இருக்கிறது. சாவியை இழுக்கும்போதே பெட்டிக்குள் மின் இணைப்பு திசை மாறிவிடுகிறது. அதன் பிறகு யார் எவ்வளவு அழுத்தினாலும் இரண்டு பெட்டியிலிருந்தும் இன்னொரு சாவி வராது. வெளியே போன சாவியை எந்த முனையிலாவது திரும்பப் போட்டால்தான் பூட்டு இளகும். தூக்கக் கலக்கமோ மறதியோ, அதற்குப் பெட்டி இடம் கொடுக்காது. அடுத்த பகுதியின் பெட்டியில் போடலாம் என்றால் அதுவும் முடியாது, சாவியின் வடிவம் பகுதிக்குப் பகுதி வேறு. கையில் சாவி இல்லாமல் டிரைவர் பகுதிக்குள் நுழையக் கூடாது. வெளியே இருப்பது ஒரே சாவி. எதிரே ரயில் வராது என்பதற்கு அதைவிட உறுதியான சாட்சி அவருக்குத் தேவையில்லை.

தென் பகுதியும் வட பகுதியும் சந்தித்த இடம் புக்கிட் தீமா. அங்கே பக்கத்தில் இன்னொரு தடம் இருந்தது. ஒரு ரயில் அதில் ஒதுங்கி நிற்க, மற்றது கடந்து போகும். சாவியைத் தோல் பையில் போட்டுப் பெரிய வளையத்தில் மாட்டியிருப்பார்கள். ரயில் வேகம் குறைத்து வரும்போது, முடித்த பகுதியின் வளையத்தை எஞ்சினிலிருந்து நீட்டுவார்கள், பிளாட்பாரத்தில் நிற்பவர் அடுத்த பகுதியின் வளையத்தைக் கொடுப்பார். நின்று கைமாற்ற வேண்டியதில்லை என்பதற்குத்தான் அத்தனை பெரிய வளையம், கையை உள்ளே விட்டாலே தோளில் மாட்டிக்கொள்ளும்.

இந்தப் பாதுகாப்புக்கு விலை உண்டு. ஒரு பகுதியைக் கடக்க 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், இரு திசையும் சேர்த்து மணிக்கு 3 ரயிலுக்குமேல் போக முடியாது. எம்ஆர்டிக்கு அது கட்டாது. வடக்குத் தெற்குப் பாதையில் 2017 முதல் உள்ள சிக்னல் முறையில் ஒவ்வொரு ரயிலின் இடத்தையும் கணினி கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. பகுதியும் ரயிலோடு சேர்ந்தே நகர்கிறது. ஆனால் ஒரு பகுதியில் ஒரு ரயில் என்ற அடிப்படை விதி அங்கேயும் அதேதான்.

2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயிலை ஜொகூர் சுல்தான் இப்ராகிமே ஓட்டிச் சென்றார். மறுநாள் முதல் ரயில்கள் உட்லண்ட்ஸோடு நின்றன. புக்கிட் தீமா நிலையம் சீரமைக்கப்பட்டு 2022 ஜூலையில் மக்களுக்குத் திறந்தது. அருகே இரும்புப் பாலம் அப்படியே இருக்கிறது. மீட்டர் கேஜ் ரயிலில் இன்னும் ஏற வேண்டும் என்றால் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியிலிருந்து ஷட்டில் தெப்ராவ் பிடிக்கலாம். கடற்பாலத்தைத் தாண்ட 5 நிமிடம், இங்கிருந்து 5 வெள்ளி, அங்கிருந்து 5 ரிங்கிட். உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாருக்குப் போகும் 4 கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில் இணைப்பை 2026 டிசம்பரில் தொடங்கத் திட்டம். அதன் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர். அது ஓடத் தொடங்கி 6 மாதத்துக்குள் ஷட்டில் தெப்ராவ் நிறுத்தப்படும் என்று ஒப்பந்தம். ஏறிப் பார்க்க விரும்புகிறவர்கள் அதற்குள் போய்வந்துவிட வேண்டும்.