சர்வாதிகாரம், எதேச்சாதிகாரம், வல்லாட்சி: எதை எங்கே சொல்வது?

பள்ளியில் டிக்டேஷன் எழுதாதவர் யார்? வாத்தியார் சொல்லச் சொல்லத் தலை நிமிராமல் எழுத வேண்டும். நடுவில் எழுந்து "அது ஏன் சார் அப்படி?" என்று கேட்க வழியில்லை. லத்தீன் மொழியில் 'டிக்டாரே' என்றால் சொல்லி எழுதவைத்தல், கட்டளையிடுதல். டிக்டேட்டர் என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்ததுதான். தமிழில் அவரைச் சர்வாதிகாரி என்கிறோம்.

ரோமில் அது வசைச்சொல் அல்ல, பதவிப் பெயர். போரோ கலகமோ மூண்டால், ஆட்சித் தலைவரான கான்சல் ஒருவரை டிக்டேட்டராக நியமிப்பார். கெடு 6 மாதம். கி.மு. 458-இல் அந்தப் பதவிக்கு அழைக்கப்பட்ட சின்சினாட்டஸ், எதிரியை முறியடித்த கையோடு பதவியை உதறிவிட்டு ஏர் பிடிக்கப் போய்விட்டார் என்பது ரோமானியர் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த கதை. கெடு இல்லாமல் அந்தப் பதவியில் அமர்ந்தவர் தளபதி சுல்லா, கி.மு. 82-இல். கி.மு. 44-இல் சீசர் வாழ்நாள் டிக்டேட்டரே ஆனார். அதே ஆண்டு குத்துப்பட்டுச் செத்தார். அதன்பின் சட்டம் போட்டுப் பதவியை ஒழித்தார்கள். பெயர் மட்டும் பிழைத்துக்கொண்டது, கெட்ட பெயராக.

நம் சொல்லின் கதையும் ஏறக்குறைய இதுதான். சர்வ + அதிகாரி, அதாவது முழுப் பொறுப்பும் உடையவர். கர்நாடகத்தை ஆண்ட ஹொய்சள அரசில் அது ஓர் உயர் அலுவலரின் பட்டம். 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்திலும் தலைமை ஏற்றவரைச் சர்வாதிகாரி என்றே அழைத்தார்கள்; ஒருவர் சிறைக்குப் போனதும் அடுத்த சர்வாதிகாரி வருவார். பழைய ரோமானியப் பொருளுக்கு அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, பாருங்கள்! இன்று எந்தப் போராட்டக் குழுவாவது தன் தலைவருக்கு அந்தப் பெயரை வைக்குமா?

சிக்கல் மொழிபெயர்க்க உட்காரும்போது வருகிறது. 'அத்தாரிடேரியன்' என்று வந்தாலும் சர்வாதிகாரம், 'டிக்டேட்டர்ஷிப்' என்று வந்தாலும் சர்வாதிகாரம் என்று எழுதித் தள்ளிவிடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. சர்வாதிகாரம் என்றதும் ஒற்றை ஆள் கண்முன் நிற்கிறார். அர்ஜென்டினாவில் 1976-இல் ஆட்சியைப் பிடித்ததோ முப்படைத் தளபதிகளின் குழு. 1983 வரை நீடித்த அந்த ராணுவ ஆட்சியில் ஆள் மாறினார்கள், பிடி மாறவில்லை. வேறு நாடுகளில் ஒரு கட்சியோ ஓர் அரச குடும்பமோ அந்த இடத்தில் இருக்கலாம். 'அத்தாரிடேரியன்' என்ற சொல்லில் ஆள்பவர் எத்தனை பேர் என்பது கேள்வியில்லை. ஆள்பவரை இறக்க ஆளப்படுபவருக்கு வழி உண்டா, "முடியாது" என்று சொல்ல நீதிமன்றத்துக்கும் பத்திரிகைக்கும் இடம் உண்டா என்பதுதான் கேள்வி.

எதேச்சாதிகாரம் என்ற சொல் கொஞ்சம் நெருங்கி வருகிறது. யதா + இச்சை, விருப்பப்படி; அதனோடு அதிகாரம். ஆனால் வாயில் நுழைவதற்குள் செய்தி பழையதாகிவிடும். கொடுங்கோன்மை அழகான சொல், குறளின் 56-ஆம் அதிகாரத் தலைப்பு. அது ஆட்சியின் குணத்தைச் சொல்கிறது, அமைப்பை அல்ல. முந்தைய அதிகாரத்துச் செங்கோல் மன்னனையும் யாரும் ஓட்டுப் போட்டு உட்காரவைக்கவில்லையே. தனியாட்சி என்று எழுதினால் மறுபடி ஒற்றை ஆள் வந்துவிடுகிறார். போதாததற்கு, இரண்டு எழுத்து பிசகினால் தன்னாட்சி ஆகிப் பொருளே தலைகீழாகும்.

என் ஓட்டு வல்லாட்சிக்கு. வலிமையால் நிற்கும் ஆட்சி. ஆள் கணக்கு இல்லை, கொடுமை உண்டா இல்லையா என்ற தீர்ப்பும் இல்லை. ஒற்றை ஆள் ஆளும்போது சர்வாதிகாரம் என்றே சொல்லலாம், வழக்கில் ஊறிய சொல்லை விரட்ட வேண்டாம்.

எதிர்ப்பக்கத்தில் அவ்வளவு குழப்பமில்லை. கிரேக்கத்தில் டெமோஸ் என்றால் மக்கள், கிராடோஸ் என்றால் அதிகாரம். ஜனநாயகம், மக்களாட்சி இரண்டும் பொருந்துகின்றன. குடியரசை மட்டும் இதோடு கலக்கக்கூடாது: பரம்பரை முடி இல்லாத நாடு குடியரசு. பிரிட்டன் மக்களாட்சி, ஆனால் குடியரசு அல்ல.

பலகையில் எழுதிவிட்டால் போதுமா? கிழக்கு ஜெர்மனியின் முழுப்பெயர் ஜெர்மன் ஜனநாயகக் குடியரசு. அங்கே வாக்குச்சாவடியில் ஒரே வேட்பாளர் பட்டியல் அச்சிட்ட சீட்டைத் தருவார்கள். குறி எதுவும் போடாமல் மடித்துப் பெட்டியில் போட்டால் அது ஆதரவு வாக்கு. பெயரை அடிக்க நினைத்தால் எல்லார் கண்முன்னும் மறைப்புக்குள் போக வேண்டும், போனவர் கவனிக்கப்படுவார். ஓட்டுப்போடப் போவதை "மடிக்கப் போகிறேன்" என்றே ஜனங்கள் கிண்டலாகச் சொன்னார்கள். 1989 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் 98.85 சதவீதம் ஆதரவு என்று அறிவிப்பு வந்தது. பல சாவடிகளில் குடிமக்களே எண்ணிக்கையைப் பக்கத்தில் நின்று பார்த்துக் குறித்துவைத்திருந்தார்கள்; கணக்கு இடித்தது. நவம்பரில் பெர்லின் சுவர் திறந்தது. 1990 மார்ச் 18 அன்று முதல் சுதந்திரத் தேர்தல். அதுவரை ஆண்ட அதே கட்சி, புதுப் பெயரோடு நின்று வாங்கியது 16.4 சதவீதம். அன்றைக்கும் அந்த நாட்டின் பெயர் ஜெர்மன் ஜனநாயகக் குடியரசுதான்.