ஊற்றுக்கு யார் காசு கொடுப்பது?

மழை கொட்டுகிற மலையில் தண்ணீருக்கு வரிசையா என்று கீழ்நாட்டுக்காரர்கள் கேட்பார்கள். மாசி, பங்குனியில் இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பீலிக்கரைக்கு, அதாவது ஊற்றுத் தண்ணீர் குழாயில் வந்து விழுகிற இடத்துக்கு, விடிவதற்கு முன்னால் வந்து பார்க்கட்டும். கொழுந்துக்குப் போக வேண்டியவர்கள் குடமும் கேனுமாக நிற்பார்கள். பீலியிலோ விரல் தடிப்புக்குத்தான் தண்ணீர் விழும். வைகாசியில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் அதே பீலி குடத்தைத் தட்டிவிடுகிற வேகத்தில் கொட்டும்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் மண்ணுக்குள்ளே இருக்கிறது. மேலே காட்டில் விழும் மழை சருகில் தங்கி, வேர் போன வழியே இறங்கி, உக்கிய பாறைக்குள் ஊறுகிறது. கீழே இறுகிய பாறை தட்டியதும் அதற்கு மேல் இறங்க வழியில்லை. பக்கவாட்டில் மெல்ல நகர்ந்து, சரிவு வெட்டுப்படுகிற இடத்தில் ஊற்றுக்கண்ணாக வெளியே வருகிறது. இந்தப் பயணத்துக்கு வாரங்களும் மாதங்களும் பிடிப்பதால்தான் மழையில்லாத நாளிலும் ஊற்று ஓடுகிறது. மேலே சரிவு மொட்டையாகி மேல்மண் கழுவுண்டு போனால் தண்ணீர் உள்ளே இறங்காது, ஓடைக்கு ஓடிவிடும். காலநிலை மாற்றத்தின் தொல்லையும் இங்கேதான். ஒரு வாரம் தூறித் தீர வேண்டிய மழை ஒரே இரவில் கொட்டினால் மண்ணால் அதைக் குடிக்க முடியாது. வருடக் கணக்கில் மழையளவு அப்படியே இருந்தாலும் ஊற்று மெலியும். அந்த ஓர் இரவுதான் மண்சரிவையும் கொண்டுவருகிறது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது மலையகம் அதைக் கண்ணால் கண்டது.

இதெல்லாம் புதிதாகத் தெரியவந்த விஷயமில்லை. கியூ தாவரவியல் பூங்காவின் ஜோசப் ஹூக்கர் எச்சரித்ததைக் கேட்டு, 5,000 அடிக்கு மேலே காடழிக்கக் கூடாது என்று பிரித்தானிய அரசு 1873-லேயே தடை போட்டது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தண்ணீர் கொடுக்கும் ஹோர்ட்டன் சமவெளிக் காடு இன்றும் நிற்பதில் அந்தத் தடைக்குப் பங்குண்டு. 5,000 அடிக்குக் கீழே இருந்தது பெரும்பாலும் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் போனது. நம் ஊற்றுகளில் ஏராளமானவை அந்தக் கீழ்ப் பகுதியில்தான் இருக்கின்றன.

ஊற்றை அளப்பது லேசான வேலை. இருபது லீட்டர் வாளியைக் குழாயில் பிடித்து, நிறைய எத்தனை விநாடி என்று போனில் பார்த்தால் போதும். இருபது விநாடியில் நிறைந்தால் விநாடிக்கு 1 லீட்டர், ஒரு நாளைக்கு 86,400 லீட்டர். ஆளுக்கு 100 லீட்டர் வைத்தாலும் 864 பேருக்குக் காணும். வரட்சியில் வாளி நிறைய ஒரு நிமிடம் எடுத்தால் 288 பேருக்குத்தான் காணும். ஆக, திட்டம் போட வேண்டியது பங்குனிக் கணக்கை வைத்துத்தான். ஐப்பசியில் அளந்து குழாய் போட்டால் முதல் வரட்சியிலேயே மேட்டு லயத்துக் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) குழாயில் காற்றுத்தான் வரும்.

சரி, இதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது? உலகம் முழுக்கத் தண்ணீருக்கான பணம் மூன்று வழியில்தான் வரும். பாவிப்பவர் கட்டும் கட்டணம், அரசின் வரிப்பணம், வெளியிலிருந்து கிடைக்கும் மானியம். கடனை நான்காவது வழியாகச் சொல்ல முடியாது. நாளைக்கு வரப்போகும் கட்டணத்தையோ வரியையோ இன்றைக்கே எடுத்துச் செலவழிப்பதுதான் கடன். காலநிலை நிதி என்ற பெயரில் ஏழை நாடுகளுக்கு வரும் அரச நிதியில் பெரும்பங்கு கடனாகவே வருகிறது. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தியதும், அந்தப் பணத்தை நம்பியிருந்த வேலைகள் பாதியில் நின்றன.

தோட்டத்துக்கு இந்த மூன்று வழியுமே நீண்ட காலம் அரைகுறையாகத்தான் திறந்திருந்தன. கிராமப்புற உள்ளூராட்சிக்கான 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைத் தாராளமாகச் செலவழிக்க இடம் தரவில்லை. நம் ஆட்கள் வாக்குப் போட்டார்கள், பீலி திருத்தவோ தோட்ட நிர்வாகியான துரையிடம் போய் நின்றார்கள். சட்டத்தைத் திருத்தியது 2018-இல்தான். முப்பது வருடத் தாமதத்துக்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. இடையில் 2015-இல் உலக வங்கி ஒப்புக்கொண்ட 16.5 கோடி டாலர் நீர் வழங்கல் திட்டம், நுவரெலியா, பதுளை உட்பட 7 மாவட்டங்களில் தோட்டங்களையும் சேர்த்துக்கொண்டது. நல்லதுதான்.

ஆனால் இப்படி வருகிற பணம் குழாய்க்கும் சிமெந்துத் தொட்டிக்கும் வருகிறது. ஊற்றுக்கு மேலே இருக்கிற சரிவுக்கு வருவது அபூர்வம். தொட்டியைக் கட்டித் திறந்து படம் எடுக்கலாம். தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவதை அப்படிக் காட்ட முடியாது. நக்கிள்ஸ் மலைத்தொடர் இதில் ஒரு விதிவிலக்கு. அங்கே நீரேந்துப் பகுதிகளையும் தோட்டச் சமூகங்களையும் சேர்த்துப் பார்க்கிற ஒரு திட்டத்துக்குப் பசுமைக் காலநிலை நிதியம் 2020-இல் கிட்டத்தட்ட 4 கோடி டாலர் ஒதுக்கியது.

பேரிடர் வந்த பிறகு பணம் தேடி அலையாமல் இருக்கவும் ஒரு வழி உண்டு. 2014-இல் இலங்கை உலக வங்கியோடு 10.2 கோடி டாலருக்கு ஒரு ஒப்பந்தம் செய்துவைத்தது. தோட்டத்துக் கடையில் முன்கூட்டியே பேசிவைத்த பற்றுக் கணக்குப் போல, தேவை வரும்வரை அதை எடுக்க வேண்டியதில்லை. 2016 மே மாத வெள்ளத்திலும் அரநாயக்க மண்சரிவிலும் நாடு அடிபட்டபோது அந்தப் பணத்தை எடுத்தார்கள். வேகமான பணம்தான், ஆனாலும் கடன்தான்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது கென்யாவின் வழி. தானா ஆற்றின் மேட்டு நிலத்திலும் நம்மைப் போலத் தேயிலை, சரிவு, மண்ணரிப்பு எல்லாம் உண்டு. நைரோபியின் தண்ணீரில் ஏறக்குறைய 95 சதவீதம் அங்கிருந்து வருகிறது. 2015-இல் தொடங்கிய நீர் நிதியத்தில் கீழே தண்ணீரையும் மின்சாரத்தையும் பாவிக்கும் நிறுவனங்கள் பணம் போடுகின்றன. மேலே இருக்கும் விவசாயிகள் அதைக்கொண்டு வரம்பு கட்டுகிறார்கள், ஆற்றோரம் புல் வைக்கிறார்கள். 1 கோடி டாலர் போட்டால் 30 வருடத்தில் 2.15 கோடி டாலர் பலன் வரும் என்று தொடங்கும்போதே கணக்குப் பார்த்திருந்தார்கள். வண்டல் குறைந்தால் தண்ணீரைச் சுத்திகரிக்கிற செலவு குறையும், மின்சாரம் கூடும், அவ்வளவுதான் சூத்திரம்.

மகாவலிக்கும் இது அப்படியே பொருந்தும். 1976-இல் திறந்த பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில் பன்னிரண்டு வருடத்துக்குள் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வண்டல் அடைத்துக்கொண்டது. அந்த வண்டல் மலைச்சரிவுகளின் மேல்மண். காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, மேல் கொத்மலை, விக்டோரியா என்று நாட்டுக்கு விளக்கெரிக்கும் தேக்கங்களுக்கு மேலே நம் லயங்கள் இருக்கின்றன. அந்த மின்சார வருமானத்தில் ஒரு சிறு பங்கு, ஊற்றையும் சரிவையும் காக்கிறவர்களுக்கு வருடா வருடம் மேலே ஏறி வர வேண்டும். அதை நான் தர்மமாகக் கேட்கவில்லை, செய்த வேலைக்குக் கூலியாகக் கேட்கிறேன்.

நடைமுறையில் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. பெரும்பாலும் நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, தண்ணீர் குடிக்கிற லயத்துச் சங்கத்துக்கு அந்தச் சரிவில் ஒரு செடி நடக்கூட உரிமையில்லை. உரிமையில்லாத சங்கத்தின் கையில் எந்த நிதியமும் பணம் கொடுக்காது. கம்பனி, பிரதேச சபை, சங்கம் மூன்றும் கையெழுத்துப் போட்டு, ஊற்றுக்கு மேலே இத்தனை ஏக்கரில் இனித் தேயிலை இல்லை, அதைப் பராமரிப்பது சங்கம் என்று எழுதிக்கொள்வதுதான் முதல் வேலை. மின்சாரக் காசில் பங்கு கேட்பது அதற்கு அப்புறம்.